பெயரை விட்டு நிலத்தைப் பிடித்தோம்: பென்சில்வேனியாவில் ஒரு ஜெர்மானியக் குடும்பத்தைத் தேடிய அனுபவம்

என் கணவரின் குடும்பம் பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) மேற்குப் பக்கம், டல்பஹாக்கன் ஓடையை ஒட்டி விவசாயம் செய்த ஜெர்மானிய வம்சம். அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோதே வந்தவர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் வந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், முதலில் எந்த நிலத்தை வாங்கினார் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மாமனாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: முதல் பண்ணை எங்கே இருந்தது? அவருக்காக நானும் கணவரும் தேட ஆரம்பித்தோம், இன்று அந்த நிலத்தின் எல்லைகள் வரைபடமாகக் கையில் இருக்கின்றன. இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். குடும்பப் பெயரை மட்டும் எழுதவில்லை, உயிரோடு இருப்பவர்கள் நிறையப் பேர்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்து ஜெர்மானியக் குடியேறியைத் தேடும்போது பெயரைத் துரத்தாதீர்கள், நிலத்தைப் பிடியுங்கள். பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் மாறும். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், அதைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கும்.

பெயர் ஏன் கைகொடுக்காது என்றால், அன்றைய ஜெர்மானியர் ஆண் குழந்தைகளுக்கு முதல் பெயராக யோஹான் என்பதை வரிசையாக வைத்துவிடுவார்கள். யோஹான் கேயோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் என்று ஒரே வீட்டில் எல்லோரும் யோஹான். கூப்பிடுவது இரண்டாவது பெயரில். அதனால் 'யோஹான்' என்று தேடினால் ஊரே வந்து நிற்கும். குடும்பப் பெயரோ, எழுதியவர் ஆங்கிலேய குமாஸ்தாவாக இருந்தால் அவர் காதில் விழுந்தபடி: K-யும் G-யும் மாறும், P-யும் B-யும் மாறும், T-யும் D-யும் மாறும். சிலர் பெயரையே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார், சிம்மர்மன் கார்ப்பென்டர் ஆனார். பெண்களின் குடும்பப் பெயரோடு ஜெர்மன் பதிவேடுகளில் 'இன்' என்ற ஒட்டு சேரும், மியுல்லர் வீட்டுப் பெண் மியுல்லரின் என்று இருப்பாள். அதைத் தனிக் குடும்பம் என்று எண்ணி மரத்தில் ஏற்றிவிட்டவர்கள் உண்டு.

மாமியாரிடம் தட்டச்சு செய்த வம்சாவளி ஒன்று இருந்தது. 'மூன்று சகோதரர்கள் ஒரே கப்பலில் வந்தார்கள், ஒருவர் இங்கேயே தங்கினார், ஒருவர் வர்ஜீனியாவுக்குப் போனார், ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை' என்று அதில் ஆரம்பம். இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களில் இதே கதையைக் கேட்கலாம். அந்தத் தாளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, அதில் இருந்த கல்லறை விவரங்கள் பின்னால் உதவின. ஆனால் அந்த மூன்று சகோதரர்களை ஆதாரம் கிடைக்கும்வரை ஓரமாக வைத்துவிடுவது நல்லது.

கப்பல் பட்டியலைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். 1727 செப்டம்பரிலிருந்து, பிலடெல்பியாவில் வந்திறங்கும் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லாத ஆண்கள் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று காலனி அரசு கட்டாயமாக்கியது. அதனால்தான் 1727 முதல் 1775 வரையான பட்டியல்கள் நமக்குக் கிடைக்கின்றன. ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கலாம்: கப்பல் தலைவர் கொடுத்தது ஒன்று, உறுதிமொழிக் கையெழுத்துகள் இரண்டு. தலைவரின் பட்டியல் காதால் கேட்டு எழுதியது. கையெழுத்துப் பட்டியலில்தான் அந்த ஆளே தன் கையால் ஜெர்மன் எழுத்தில் போட்ட பெயர் இருக்கும், எழுதத் தெரியாதவர் ஒரு குறி போட்டிருப்பார், பக்கத்தில் குமாஸ்தா பெயரை எழுதியிருப்பார். 1934-இல் அச்சான மூன்று தொகுதிப் பதிப்பில் ஒரு தொகுதி முழுக்க இந்தக் கையெழுத்துகளின் படங்கள்தான். பிற்காலத்து உயிலிலோ பத்திரத்திலோ அதே கை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒரே பெயருள்ள பலரில் உங்கள் ஆளைப் பிரித்தெடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டவர்கள் 16 வயதைத் தாண்டிய ஆண்கள் மட்டும். மனைவி, குழந்தைகளின் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது, சொந்த ஊர் அனேகமாக இருக்கவே இருக்காது. எங்கள் குடும்பப் பெயரில் 1740களில் மட்டும் பலர் வந்திறங்கியிருந்தார்கள். யார் எங்கள் ஆள் என்று அந்தப் பட்டியலை வைத்து மட்டும் சொல்ல முடியவில்லை.

சரி, நிலத்துக்கு வருவோம்.

1681-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் பென்சில்வேனியாவை வில்லியம் பென்னுக்குக் கொடுத்தார். அதன்பின் நிலம் வேண்டுமென்றால் பென் குடும்பத்தின் நில அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். வழி இதுதான்: முதலில் இத்தனை ஏக்கர் இந்த இடத்தில் வேண்டும் என்று விண்ணப்பம். கொஞ்சம் பணம் கட்டினால் நிலத்தை அளக்கச் சொல்லும் உத்தரவு வரும், அதற்கு வாரன்ட் என்று பெயர். அதை வைத்துத் துணை சர்வேயர் வந்து அளந்து வரைவார். அந்த வரைபடம் முறைப்படி அலுவலகத்துக்குத் திரும்பிப் போவது ரிட்டர்ன். மீதிப் பணமும் கட்டிய பிறகு கிடைப்பது பேட்டன்ட், அதுதான் முழு உரிமை. 1732-லிருந்து 1765 வரை விலை 100 ஏக்கருக்கு 15 பவுண்டு 10 ஷில்லிங், அதன்மேல் ஆண்டுதோறும் ஏக்கருக்கு அரைப் பென்னி வரி. வந்திறங்கிய ஏழைக் குடும்பத்துக்கு, அதிலும் கப்பல் கூலிக்காகவே சில வருடம் வேலைக்கு எழுதிக்கொடுத்தவர்களுக்கு, இது பெரிய தொகை. அதனால் பலர் வாரன்ட் வாங்கி, அளந்து, உழுது, வீடு கட்டி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேட்டன்ட் வாங்காமலேயே இறந்துபோனார்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வாரன்ட் ஒருவர் பெயரிலும் பேட்டன்ட் நாற்பது ஐம்பது வருடம் கழித்து வேறொருவர் பெயரிலும் இருப்பதைப் பார்த்து, 'இது நம்முடையது இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அந்த பேட்டன்டைக் கேட்டு வாங்கி முழுக்கப் படியுங்கள். நம் ஊரில் பத்திரத்துக்குள் தாய்ப்பத்திர விவரம் எழுதுவது போல, முதலில் வாரன்ட் வாங்கியவர் யார், அவர் இறந்தபின் எந்த மகனுக்குப் போனது, அவர் எந்தத் தேதியில் யாருக்கு விற்றார் என்று பெரும்பாலும் கோவையாக எழுதியிருப்பார்கள். எங்கள் விஷயத்தில் வாரன்ட் 1740களைச் சேர்ந்தது. பேட்டன்ட், 1779-இல் பென் குடும்பத்தின் உரிமையை மாநிலம் எடுத்துக்கொண்ட பிறகு, முன்பின் கேள்விப்படாத ஒருவர் பெயரில். உள்ளே படித்தால் எங்கள் முன்னோரின் பெயர், மூத்த மகனின் பெயர், அதற்கப்புறம் ஒரு இடைவெளி, பிறகு அந்தப் புதியவர். அந்த இடைவெளிக்குக் கடைசியில் வருகிறேன்.

வாரன்டையும் அவசரமாகப் படிக்காதீர்கள். ஏற்கெனவே குடியிருந்து உழுதுகொண்டிருந்த நிலம் என்றால், நிலத்தின் விலைக்கு வட்டி இந்தத் தேதியிலிருந்து என்று போட்டிருப்பார்கள். அந்தத் தேதிதான் அவர் அங்கே உட்கார்ந்த காலத்துக்கு நெருக்கமானது, வாரன்டின் தேதி அல்ல.

இந்தக் காகிதங்கள் ஹாரிஸ்பர்கில் மாநில ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. வாரன்ட் பதிவேடுகளையும் சர்வே நகல்களையும் வீட்டில் உட்கார்ந்தபடியே இணையத்தில் பார்க்கலாம். பதிவேட்டில் கவுன்டிவாரியாகப் பெயரின் முதல் எழுத்தில் தேடி, அந்த வரியில் இருக்கும் தொகுதி எழுத்தையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு சர்வே நகலுக்குப் போக வேண்டும். உங்கள் பெயரின் எழுத்தை மட்டும் பார்க்காமல் அதன் ஒலிக்கு நெருங்கிய எல்லா எழுத்தையும் பாருங்கள். எங்கள் ஆள் கிடைத்தது நாங்கள் எதிர்பார்த்த எழுத்தில் இல்லை.

சர்வே கையில் கிடைத்த நாள் வீட்டில் திருவிழாதான். ஒரு கோணல்மாணலான வடிவம், ஒவ்வொரு மூலையிலும் வெள்ளை ஓக், கறுப்பு ஓக், ஹிக்கரி, கல்குவியல் என்று அடையாளம், ஒவ்வொரு பக்கத்துக்கும் திசையும் நீளமும். நீளம் பெர்ச் கணக்கில் இருக்கும், ஒரு பெர்ச் பதினாறரை அடி. (இலங்கையில் காணி விற்கும்போது சொல்கிற பேர்ச் இதே அளவின் சதுரம்தான், 160 சேர்ந்தால் ஒரு ஏக்கர்.) திசைமானியும் அளவுகோலும் வைத்து வரைபடத்தாளில் வரைந்து, அதே அளவுக்குச் சுருக்கிய இன்றைய வரைபடத்தின்மேல் வைத்து நகர்த்த வேண்டும், கணினியில் செய்யவும் மென்பொருள் உண்டு. மூன்று விஷயத்தை நினைவில் வையுங்கள். சாலைகளுக்காக ஆறு விழுக்காடு கூடுதலாக அளந்து கொடுத்திருப்பார்கள், ஆகவே 150 ஏக்கர் என்று எழுதியது உங்கள் கணக்கில் 159 வந்தால் பதற வேண்டாம். திசைகள் அன்றைய காந்த முள் காட்டியவை, இன்றைய வடக்கோடு பொருந்தச் சில பாகை திருப்ப வேண்டியிருக்கும். மூன்றாவது, தனி நிலம் ஒன்றை மட்டும் வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். சர்வேயின் ஒவ்வொரு பக்கத்திலும் அண்டை நிலக்காரரின் பெயர் இருக்கும், அவர்களுடைய சர்வேக்களையும் எடுத்து வரைந்து ஒன்றோடொன்று சேர்த்தால், ஏதாவது ஒன்று ஓடையின் வளைவில் வந்து உட்காரும், அப்போது மற்றவையும் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. சில டவுன்ஷிப்புகளுக்கு (கவுன்டிக்குள் இருக்கும் சிறிய ஊர்ப் பிரிவுகள்) இந்த வேலையை ஆவணக்காப்பகமே செய்து வைத்திருக்கிறது, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

கவுன்டி எல்லைகள் மாறியது இன்னொரு சிக்கல். லங்காஸ்டர் கவுன்டி 1729-இல் செஸ்டரிலிருந்து பிரிந்தது, பெர்க்ஸ் 1752-இல் உருவானது, டாஃபின் 1785-இல், லெபனான் 1813-இல். எங்கள் குடும்பம் வீட்டை விட்டு நகரவே இல்லை, ஆனால் வாரன்ட் லங்காஸ்டர் கணக்கில், சொத்துப் பிரிவினை பெர்க்ஸின் தலைநகரான ரெடிங்கில். தேடும் வருடத்தில் அந்த இடம் எந்தக் கவுன்டியில் இருந்தது என்று பார்த்துவிட்டுத்தான் எந்த நீதிமன்றத்துக்கும் போக வேண்டும்.

நிலத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. டல்பஹாக்கன் பள்ளத்தாக்கு லெனாபே என்ற பூர்வகுடி மக்களின் மண். நியூயார்க் பக்கமிருந்து ஜெர்மானியக் குடும்பங்கள் 1723-இல் இங்கே வந்து குடியேறியபோது அந்த நிலம் லெனாபே மக்களிடமிருந்து வாங்கப்பட்டிருக்கவே இல்லை. 1728-இல் அவர்களுடைய தலைவர் சசூனன் பிலடெல்பியாவுக்கு வந்து, விற்காத நிலத்தில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காலனி அதிகாரிகளிடமே முறையிட்டார். 1732-இல்தான் பென் குடும்பம் அந்தப் பகுதியை அவர்களிடமிருந்து எழுதி வாங்கியது. எங்கள் முன்னோர் அதற்குப் பிறகு வந்தவர். ஆனாலும் குடும்ப வரலாற்றை எழுதும்போது முதல் பக்கத்தில் வாரன்டை வைக்காமல் இந்த விவரத்தை வைத்தோம். மாமனாரே அப்படித்தான் வேண்டும் என்றார்.

வரிப்பட்டியல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமணமாகாத, 21 வயது தாண்டிய ஆண்களுக்குத் தலைவரி தனிப் பட்டியலாக இருக்கும். ஒருவர் ஒரு வருடம் அந்தப் பட்டியலில் இருந்து அடுத்த பட்டியலில் குடும்பஸ்தர்களோடு வந்தால், இடையில் கல்யாணம் நடந்திருக்கிறது என்று கணக்கு. நிலமில்லாமல் இன்னொருவர் நிலத்தில் குடியிருந்த குடும்பஸ்தர்களும் தனியாக இருப்பார்கள்.

தகப்பனை இழந்த பிள்ளைகளின் சொத்தைக் கவனித்த ஆர்ஃபன்ஸ் கோர்ட் என்ற நீதிமன்றத்தின் பதிவுகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், தாய் உயிரோடு இருந்தாலும், சின்னக் குழந்தைகளின் பங்கு இந்த நீதிமன்றத்துக்குத்தான் வரும். அன்றைய பென்சில்வேனியா சட்டப்படி மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, விதவைக்கு மூன்றில் ஒன்று. துண்டு போட்டால் பண்ணை கெட்டுவிடும் என்று மதிப்பீட்டாளர்கள் சொன்னால், ஒரு மகன், பெரும்பாலும் மூத்தவன், மதிப்புப் போட்டு முழு நிலத்தையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்காக எல்லாப் பிள்ளைகளின் பெயரும், மகள்கள் யாரைக் கட்டியிருக்கிறார்கள் என்பதும் எழுதப்படும். மாமியாரின் தட்டச்சுத் தாளில் மகன்கள் மட்டுமே இருந்தார்கள். நீதிமன்றத்தின் ஒரே பக்கத்தில் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள், மாமியார் அந்தப் பெயர்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

உயில் இருந்த குடும்பங்களில் விதவைக்கு எழுதி வைப்பதைப் படித்துப் பாருங்கள். வருடத்துக்கு இத்தனை புஷல் (தானிய அளவை) கோதுமை, ஒரு பசு, அதற்குத் தீவனம், வெட்டிக் கொண்டுவந்து கொடுக்கும் விறகு, வீட்டில் எந்த அறை, தோட்டத்தில் எந்த மூலை என்று எழுதியிருப்பார்கள். மகன் நிலத்தை விற்றாலும் வாங்கியவர் இதைத் தர வேண்டும் என்று இருந்தால், பின்னால் வரும் பத்திரத்திலும் அவள் பெயர் வரும்.

தேவாலயப் பதிவுகளில் பெற்றோரைவிட ஞானப்பெற்றோரைக் கவனியுங்கள். அவர்கள் பெரும்பாலும் உறவினர்கள் அல்லது சொந்த ஊரிலிருந்து கூட வந்தவர்கள். லூத்தரன் போதகர் ஜான் காஸ்பர் ஸ்டோவர் 1730 முதல் 1779 வரை ஊர் ஊராகக் குதிரையில் போய்க் கொடுத்த ஞானஸ்நானங்களையும் நடத்திய திருமணங்களையும் தனக்கென ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தார், இந்தப் பகுதிக் குடும்பங்களுக்கு அது பொக்கிஷம். லூத்தரன், ரிஃபார்ம்ட் (இன்னொரு சீர்திருத்தக் கிறிஸ்தவப் பிரிவு) என்று இரண்டு சபைகளும் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்ட ஊர்கள் பல, ஆகவே இரண்டின் பதிவுகளையும் பாருங்கள். 1742-இல் இங்கே வந்து லூத்தரன் சபைகளை ஒழுங்குபடுத்திய போதகர் முலன்பர்க், தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கைப் போலவே, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தோடு தொடர்புடையவர்; இரண்டு இடங்களிலிருந்தும் போன அறிக்கைகள் ஹாலேயில் அச்சாயின. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு அந்தப் பதிவேடுகள்மேல் தனி ஒட்டுதல் வந்துவிட்டது. பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கப் பழக வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. மாதங்களின் பெயர், மகன், மகள், ஞானப்பெற்றோர் என்று திரும்பத் திரும்ப வரும் சொற்களிலிருந்து ஆரம்பித்தால் சீக்கிரம் பிடிபடும். தேதிகளில் ஒரு எச்சரிக்கை: பிரிட்டிஷ் காலனிகள் 1752-இல்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின, அதற்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் ஒரு வருடம் முன்பின்னாகத் தெரிந்தால் காரணம் இதுதான்.

எங்களுக்குச் சொந்த ஊர் கிடைத்தது இந்த வழியில்தான். சர்வேயில் கிழக்குப் பக்கத்து நிலக்காரர், ஞானஸ்நானப் பதிவில் எங்கள் முன்னோரின் பிள்ளைகளுக்கு ஞானத்தந்தை, ஆர்ஃபன்ஸ் கோர்ட்டில் ஒரு மகளின் மாமனார். மூன்று காகிதத்திலும் அவரே. அவருடைய குடும்பம் ஹைடல்பர்குக்குத் தெற்கே கிரைஷ்கௌ பகுதியிலிருந்து வந்தது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவருடைய கிராமத்தின் தேவாலயப் புத்தகத்தை ஜெர்மன் தேவாலயப் புத்தகங்களின் படங்கள் உள்ள ஆர்க்கியான் இணையதளத்தில் கட்டணம் கட்டிப் பார்த்தோம், அதே ஊரில் எங்கள் முன்னோரின் திருமணமும் முதல் இரண்டு குழந்தைகளின் ஞானஸ்நானமும் இருந்தன. அந்தத் திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் தகப்பன் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியைச் சேர்ந்தவர் என்று இருந்தது. அதில் வியப்பில்லை, பதினேழாம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போருக்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்த அந்தக் கிராமங்களில் சுவிஸ் குடும்பங்கள் ஏராளமாக வந்து உட்கார்ந்தன. ரைன் கரையில் 1689-இல் பிரெஞ்சுப் படைகள் எரித்த ஊர்களில் பழைய தேவாலயப் புத்தகங்கள் கிடைப்பது அரிது, அப்படிப்பட்ட ஊர் வாய்த்தவர்கள், குடிபெயர அனுமதி கேட்டு வரி கட்டிய அரசுப் பதிவுகளைக் கார்ல்ஸ்ரூ, ஷ்பயர் ஆவணக்காப்பகங்களில் தேடலாம்.

கடைசியாக, நிலத்தை நேரில் பார்ப்பது. அது இப்போது இன்னொருவரின் பண்ணை, வேலியைத் தாண்டி நுழைந்துவிடாதீர்கள். முதலில் கடிதம் எழுதி, நாங்கள் வரைந்த வரைபடத்தின் ஒரு பிரதியையும் சேர்த்து அனுப்பினோம். அவர்களே கூப்பிட்டார்கள். மாமனாரை அழைத்துக்கொண்டு போனோம், அவர் வயலைச் சுற்றி வந்து, மண்ணைப் பார்த்து, எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும் என்று அந்த வீட்டுக்காரரோடு பேச ஆரம்பித்துவிட்டார். பேச்சுக்கு நடுவில் அந்த வீட்டம்மா ஒரு தகரப் பெட்டியை எடுத்து வந்தார், பண்ணையோடு கைமாறி வந்த பழைய காகிதங்கள். அந்தக் காலத்தில் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்வது சகஜம் என்று படித்திருந்தேன், அதனால்தான் நீதிமன்றத்தில் எங்களுக்கு ஒரு கைமாற்றம் விட்டுப்போயிருந்தது. அது அந்தப் பெட்டியில் இருந்தது. மூத்த மகன் விற்ற பத்திரம், கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதிக்கொடுத்தது, மனைவியின் பங்குரிமை பின்னால் சிக்கலாகாமல் இருக்க அவளையும் சேர்ப்பது அன்றைய வழக்கம். படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்த மனைவியின் பெயர் எந்தத் தேவாலயப் பதிவிலும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அவள் சகோதரனாக இருக்கலாம் என்று தோன்றுகிறது, இப்போது அவருடைய வாரன்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.